காங்கேயம் பேருந்தும் என் நான்காம் அத்தியாயமும்

கோவையிலிருந்து காங்கேயம், தாராபுரம், உடுமலைப்பேட்டை மூன்றையும் ஒரே நாளில் பேருந்தில் சுற்றி வர முடியுமா என்று இந்த வலைப்பூவுக்கு வருகிற சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். 1997 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போய் வந்திருக்கிறேன். ஆனால் அதைச் சந்தோஷமாக எழுத எனக்கு வரவில்லை. அன்று காலை கிளம்பும்போது என் கையில் மூன்றரை வருட ஆராய்ச்சி இருந்தது. சாயங்காலம் திரும்பும்போது இல்லை.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினி வலையமைப்புகளை நிர்வகிப்பது பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வெவ்வேறு ஊர்க் கணினிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும்போது எங்கே தாமதம், எதனால் தாமதம் என்பதை ஆள் போய்ப் பார்க்காமலேயே கண்டுபிடிக்க வேண்டும். கோவை கோட்டைமேட்டில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு தேங்காயெண்ணெய் வியாபாரி இடம் கொடுத்தார். அவருடைய காங்கேயம் மில்லிலும் உடுமலைக் கொப்பரைக் கிடங்கிலும் மோடம் மாட்டினேன். தினமும் சரக்கு விவரம் தொலைபேசி வழியாகக் கோவைக் கணினிக்கு வரும். கோப்பு அங்கே உருவான நேரத்தையும் இங்கே வந்து சேர்ந்த நேரத்தையும் என் நிரல் குறித்துக்கொள்ளும். எந்த வழியாக வந்தது என்று கேட்கிற புத்தி அதற்கு இல்லை. எழுதியவனுக்கும் இல்லை.

எட்டு நிமிடத்தில் வர வேண்டிய கோப்பு, காங்கேயத்திலிருந்து வர இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. இல்லாவிட்டால் இரண்டு மணி நாற்பது. நடுவில் கிடையாது. அந்தப் பதினைந்து நிமிட வித்தியாசம், மோடம் மறுபடி டயல் செய்கிற இடைவெளி என்று நிரூபித்து நான்காம் அத்தியாயம் முழுவதும் எழுதினேன். ஆய்வேட்டின் உயிரே அதுதான். ஜனவரியில் சமர்ப்பித்தால் கல்லூரியில் நிரந்தர வேலை. ஆய்வு நெறியாளர்தான், சம்பிரதாயத்துக்கு ஒரு தடவை இடத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். மோடம் மாட்டப் போனபோது முதலாளியின் அம்பாசிடரில் போயிருந்தேன். பேருந்தில் அதுதான் முதல் தடவை.

காலை 7.10க்குக் கோவை சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் ஏறினேன். காங்கேயத்துக்குப் பதினோரு ரூபாய். சூலூர் தாண்டிப் பல்லடத்தில் டீக்காக வண்டியை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு நேரம் என்று எரிச்சலோடு கேட்டேன். "கால் மணி நேரமுங்க. இந்த வண்டி மட்டுந்தான் இங்க நிக்குமுங்க. அடுத்தது நிக்காது" என்றார் நடத்துநர். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. டீ நன்றாக இருந்தது. காங்கேயம் சேரும்போது 9.25.

மில் மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. குமாஸ்தா ராசாமணி, நாற்பது வயதுக்காரர், வாசல் வரை வந்து வரவேற்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். கணினியைக் காட்டச் சொன்னேன். துடைத்து, பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்தார். பின்னால் எட்டிப் பார்த்தேன். மோடம் இல்லை.

"அது போன வருசம் ஐப்பசில இடி விழுந்தப்பவே புகைஞ்சுபோச்சுங்க" என்றார் ராசாமணி.

பதின்மூன்று மாதம். அப்படியானால் கோப்புகள் எப்படி வந்தன என்று கேட்டேன். பஸ் வருகிற நேரத்துக்குக் கோப்பை முடித்து, பிளாப்பி டிஸ்கில் போட்டு, உறையில் ஒட்டி, வாசலில் பஸ் ஹாரன் அடித்ததும் நடத்துநர் கையில் கொடுத்துவிடுவாராம். சிங்காநல்லூரில் ஒருவர் மொபெட்டில் வந்து வாங்கிக்கொள்வாராம். அங்கிருந்து கோட்டைமேடு இருபத்தைந்து நிமிடம்.

பேருந்துக்கு இரண்டு மணி நேரம். மொபெட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். பல்லடத்தில் டீ குடித்தால் இரண்டு மணி நாற்பது. என் நான்காம் அத்தியாயம் அந்த டீதான்.

மாதாமாதம் போன் செய்து எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார். "நீங்க அத்தன தூரம் வந்து, வேர்க்க விறுவிறுக்க மாட்டிக் குடுத்துட்டுப் போனீங்க. கெட்டுப்போச்சுன்னு எந்த வாயில சொல்றதுங்க? உங்க மனசு கஷ்டப்படுமுங்களே." இந்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

உடுமலையாவது மிஞ்சும் என்ற நப்பாசை இருந்தது. 11 மணிக்குக் காங்கேயத்திலிருந்து தாராபுரம் 33 கிலோமீட்டர், ஐந்து ரூபாய். அங்கே மாறி உடுமலை 37 கிலோமீட்டர், ஆறு ரூபாய். சேர்ந்தது 1.50க்கு. காற்றாலைகள், தென்னந்தோப்புகள் என்று வழி அழகாக இருக்கும் என்பார்கள். நான் எதையும் பார்க்கவில்லை.

கொப்பரைக் கிடங்கில் கணினியைக் கவனிக்கிற செல்வி என்ற பெண் சிரித்துக்கொண்டே வரவேற்றாள். மோடம் இருந்தது. விளக்கும் எரிந்தது. ஒரு நிமிடம் உயிர் வந்தது. தினமும் இதில்தானே அனுப்புகிறாய் என்றேன். லைன் கிடைப்பதேயில்லை என்றும், ராசாமணி அண்ணன்தான் பஸ்ஸில் கொடுக்கும் யோசனையைச் சொன்னதாகவும் சொன்னாள். இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. 3.25க்கு அவள் அன்றைய கோப்பை முடித்து, உறையில் போட்டு ஒட்டினாள்.

"ஏனுங்க சார், நீங்க கோயமுத்தூருக்குத்தானுங்க போறீங்க? இதையும் கையோட குடுத்துப்போடுங்க."

வாங்கிக்கொண்டேன். 3.40 பேருந்து, பொள்ளாச்சி வழி, பன்னிரண்டு ரூபாய். உக்கடத்தில் இறங்கும்போது 6 மணி. கோட்டைமேட்டு அலுவலகத்துக்கு நடந்து போனேன். கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஜப்பார் பாய் உறையைப் பிரித்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியும்னுல்ல தம்பி நெனச்சிட்டிருந்தேன்" என்றார். கோப்பு ஏறியது. என் நிரல் உடனே ஒரு வரி எழுதியது: உடுமலை, தாமதம் 170 நிமிடம். அந்த 170 நிமிடமும் நான்தான்.

மறுநாள் நெறியாளரிடம் சொன்னேன். சொல்லாமல் சமர்ப்பித்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் பல்லடத்து டீக்கடைதான் கண்ணில் பட்டது. மார்ச்சில் உதவித்தொகை நின்றது. வேலை வேறொருவருக்குப் போனது. அதற்குப் பிறகு நான் ஆராய்ச்சிப் பக்கம் போகவேயில்லை.

போகிறவர்களுக்கு: காலை 7 மணிக்குள் கிளம்புங்கள். தாராபுரத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமெல்லாம் இப்போது ஏறியிருக்கும். யாராவது எல்லாம் நன்றாக நடக்கிறது என்று பணிவாகச் சொன்னால், ஒரு நடை நேரில் போய்ப் பாருங்கள். மற்றபடி அந்தக் காலத்தில் காங்கேயம் பேருந்து எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது, எந்தெந்த நாள் பல்லடத்தில் டீக்கு நின்றது என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். பதின்மூன்று மாதத்துக்கு, நிமிடக் கணக்கில், என்னிடம் ஆதாரம் இருக்கிறது.