கட்டைவிரலில் மூன்று கோடுகள்

அக்காவின் முதலாண்டுத் திருப்பலி முடிந்து, பந்தியில் இலை போடும்வரை இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மற்றப் பக்கங்களில் படங்களும் செபங்களும் இருக்கின்றன. இந்தப் பக்கங்களை என்னை எழுதச் சொன்னவள் அக்காவின் மகள் ரெஜினா. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பவன், வேறு யாரையாவது கேள் என்றேன். "அம்மாகூட கடைசிவரைக்கும் போன்ல பேசினது நீங்கதான் மாமா. அழகா எழுத வேணாம். நடந்தத எழுதுங்க" என்றாள்.

அக்கா அரியாங்குப்பத்தில் பிறந்தார். நான் அவருக்கு நான்கு வயது இளையவன். அப்பாவுக்குத் துணி மில்லில் வேலை. அக்கா ஒன்பதாவது படிக்கும்போது மில் நின்றது. அடுத்த வாரமே அக்காவின் படிப்பும் நின்றது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு விதவையின் வீடு அது. எல்லாரும் அவரை மதாம் என்பார்கள். மதாமுக்குச் சர்க்கரை வியாதி. காலில் கீறல் பட்டாலும் ஆறாது. அதனால் அந்த வீட்டில் சமையலைவிட நகம் வெட்டுவதுதான் பெரிய வேலை. அக்கா வெதுவெதுப்பான நீரில் அந்தக் கால்களைக் கழுவி, துடைத்து, நகத்தை நேராக வெட்டி, ஓரங்களை அரத்தால் தேய்த்துவிடுவார். மதாம் இறக்கும்வரை அந்தக் கால்களில் ஒரு புண்கூட வந்ததில்லை.

அதன்பிறகு டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் பல வருடம். கல்யாணம் ஆனது, ரெஜினா பிறந்தாள். அத்தானைப் பற்றி இந்த மலரில் எழுத வேண்டாம் என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். எழுதவில்லை.

ரெஜினா நான்காவது படிக்கும்போது அக்கா ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில், ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். கை கால் நகங்களுக்கு மட்டும் கடை. முடி வெட்டுவது, முகத்துக்குப் போடுவது எதுவும் கிடையாது. மகளின் பெயரையே பலகையில் எழுதினார். திறப்பு விழாவுக்கு உறவில் நாற்பது வீட்டுக்குச் சொன்னார். வந்தது மூன்று வீடு. வந்தவர்களில் ஒருவர் பலகையைப் பார்த்து, "ஊரான் கால புடிக்கிற வேலை. இதுக்கு போர்டு வேறயா?" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே அவருக்குக் கேக் கொடுத்தார். "உன் கால காட்டு மாமா, மொத போணி உன்னுதா இருக்கட்டும்" என்றார். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

காலை இழுத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கல்யாணப் பெண்கள், கல்லூரிப் பெண்கள், பேங்கில் வேலை பார்ப்பவர்கள், குனிந்து தன் காலைத் தொட முடியாத வயதானவர்கள். ஒருவருக்குப் போட்ட கத்தரியையும் அரத்தையும் அப்படியே அடுத்தவருக்குப் போட மாட்டார். உலோகக் கருவிகளைக் கொதிக்க வைப்பார், மற்றதைத் தூக்கிப் போடுவார்.

அக்காவின் இரண்டு பழக்கங்களை இங்கே சொல்லியாக வேண்டும்.

முதலாவது, வண்ணங்களைக் காட்ட அவர் அட்டை வைத்துக்கொள்ளவில்லை. "வெள்ளை அட்டைல பாத்துட்டு போட்டா நம்ம கைல வேற மாதிரி தெரியும். நம்ம கை கறுப்பு கை" என்பார். ஆகவே தன் பத்து விரலிலும் பத்து வண்ணம் போட்டிருப்பார். வருகிற பெண்கள் அவர் கைக்குப் பக்கத்தில் தங்கள் கையை வைத்துப் பார்த்து, "இந்த மோதிர விரல் கலர் குடுங்கக்கா" என்பார்கள். பழைய வண்ணத்தை அழித்தால் உடனே புதிது ஏறிவிடும். அக்காவின் நகங்களை வெறுமையாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

இரண்டாவது, நகத்தில் கறுப்பு கண்டால் அக்கா கோடு போடுவார். கதவில் நசுங்கினால், கல் விழுந்தால், நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுக்கும். அது நகம் வளர வளர மேலே போய் ஒருநாள் வெட்டுப்பட்டுவிடும். ஆனால் எல்லாக் கறுப்பும் அப்படியில்லை. ஆகவே கறுப்பின் அடிப்பக்கத்தில், தோலை ஒட்டி, அரத்தின் முனையால் ஒரு சிறு கோடு கீறிவிட்டு, "ஒரு மாசம் கழிச்சி வாம்மா. கோடு மேல போயிருக்கும். அதுக்குக் கீழ நல்ல நகம் வந்திருந்தா ஒண்ணும் இல்ல. கீழயும் கறுப்பு இருந்தா ஆஸ்பத்திரி" என்பார். அதற்குத் தனியாக எதுவும் வாங்க மாட்டார். இதை அவர் எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியாது. இருபது முப்பது வருடம் நகங்களையே பார்த்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

காலாப்பட்டிலிருந்து வரும் ஒரு டீச்சரம்மாவின் கால் பெருவிரலில் அப்படிக் கோடு போட்டார். அடுத்த மாதம் கோட்டுக்குக் கீழேயும் கறுப்பு இருந்தது. டீச்சரம்மா, "கலர் போட்டு மறைச்சிடுங்க, பாத்துக்கலாம்" என்றாராம். அக்கா பாட்டிலை மூடி வைத்துவிட்டார். "ஆஸ்பத்திரி சீட்டக் காட்டினாத்தான் இனிமே உங்களுக்கு கலர்" என்று அனுப்பினார். நகத்தடியில் புற்றுநோய். விரலை எடுத்தார்கள். டீச்சரம்மா இப்போது நம்மோடு பந்தியில் உட்காரப்போகிறார்.

இனி எழுதப்போவதைப் படிக்கச் சிலருக்குப் பிடிக்காது.

உறவில் ஒரு வீட்டில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. அக்கா உறவுக்காரியாக முறைப்படி சேலை கட்டி, பந்தியில் பரிமாறப் போனார். சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு இரண்டு இலை தாண்டியிருப்பார். மூன்றாவது இலைக்காரர் இலையின் மேல் கையை விரித்து மூடிக்கொண்டார். "நீ வுடுடி. ஊரு நகத்தையெல்லாம் நோண்டுற கை. எனக்கு உன் கடைக்கு வந்துட்டு போனப்புறம்தான் நகத்துல படையே வந்துது" என்றார். அவர் கடைக்கு வந்தது ஒரே ஒருமுறை, வரும்போதே நகத்தில் படையோடு வந்தார், அக்கா அவருக்கு வேலை செய்ய மறுத்துத் தோல் டாக்டரிடம் அனுப்பினார். இது ரெஜினாவுக்குத் தெரியும். ஆனால் பந்தியில் அதைச் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. "வந்தவங்க வியாதிய வெளிய சொல்லக் கூடாதுடா" என்று பிறகு என்னிடம் சொன்னார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்று அந்தப் பந்தியில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த உறவினரின் பெயரை நான் எழுதவில்லை. இந்த மலர் அவர் கையிலும் இருக்கும்.

அந்தப் பேச்சு ரெட்டியார்பாளையம் முழுக்கப் போனது. அந்தக் கடைக்குப் போனால் வியாதி வரும் என்றார்கள். கல்யாணப் பெண்கள் வேறு இடம் பார்த்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் யாரும் வராமலே அக்கா கடையில் உட்கார்ந்திருந்தார். ரெஜினா அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு நான் ஓசூரிலிருந்து வந்தேன். கடைக்குப் போனபோது அக்கா பஞ்சில் திரவத்தை நனைத்து வலது கட்டைவிரல் வண்ணத்தை அழித்துக்கொண்டிருந்தார். நகத்தின் நடுவில் பென்சில் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை.

"இன்னாக்கா இது?"

"ஷட்டர்ல மாட்டிக்கிச்சுடா."

"கோடு போட்டியா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா நீ? போட்டேன். மேல போவுது. நீ இன்னாத்துக்கு நகம் கடிக்கிற, குடு கைய" என்று என் கையை இழுத்து, என் நகங்களை வெட்டத் தொடங்கினார். என் கை அவர் கையில் இருந்தது. அவர் கட்டைவிரல் என் கண்ணுக்கு எதிரே இருந்தது. வெட்டி முடித்ததும் அதன்மேல் கருஞ்சிவப்பு ஏறிவிட்டது. நான் மறுநாள் பஸ் ஏறினேன். ஷட்டரில் விரல் மாட்டியவர் அதே விரலால் கத்தரி பிடித்து, முகம் சுளிக்காமல் வெட்டினாரே என்று எனக்குத் தோன்றவில்லை. ஓசூரிலிருந்து மங்களூருக்குப் போனேன், அங்கிருந்து கோவாவுக்குப் போனேன். போனில் கேட்கும்போதெல்லாம் "அது அப்பவே போயிடுச்சுடா" என்றார்.

அடுத்த வருடம் மூச்சு வாங்குகிறது என்று கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துத் தையல் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் வந்து சேர்ந்தபோது நர்ஸ் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவியோடு நின்றுகொண்டிருந்தார். "இவ்ளோ கலர் இருந்தா சரியா காட்டாது, அழிச்சுடுங்க" என்றார். ரெஜினா கடையிலிருந்து பாட்டிலும் பஞ்சும் எடுத்து வந்து, ஒவ்வொரு விரலாக அழித்தாள். ஒன்பது விரல் முடிந்ததும் அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"அத வுட்டுடு. வேற வெரல்ல மாட்டச் சொல்லு."

"அம்மா, குடும்மா."

"சொன்னா கேளுடி."

ரெஜினா கேட்கவில்லை. கருஞ்சிவப்பு போனதும் கறுப்பு தெரிந்தது. பட்டையாக இருந்தது இப்போது நகம் முழுக்கப் பரவி, ஓரத்துத் தோலிலும் இறங்கியிருந்தது. அந்தக் கறுப்பின்மேல் குறுக்காக மூன்று கோடுகள். அரத்தால் கீறியவை. ஒன்று நுனிக்குப் பக்கத்தில், ஒன்று நடுவில், ஒன்று தோலை ஒட்டி. மாதம் ஒன்றாகப் போட்ட கோடுகள். வெட்டுப்பட்டுப் போனவை எத்தனை என்று எங்களுக்குத் தெரியாது. மூன்றுக்கும் கீழே கறுப்புத்தான். யாருக்கு இருந்தாலும் அக்கா பாட்டிலை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்.

"மேல போவுதுன்னு சொன்னியேக்கா" என்றேன்.

"கோடு போச்சுடா. கறுப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "கட்டு போட்ட வெரலோட கடைல உக்காந்தா, அன்னிக்கி பந்தில சொன்னது நெஜம்னு ஆயிடும். வெரல எடுத்துட்டா கடையே இல்ல. இவ படிச்சி முடிக்கட்டும்னு பாத்தேன்."

ரெஜினா பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, பாட்டிலை மூடினாள். அவளுக்கு அப்போது கடைசிப் பரீட்சை முடிந்து ஒன்பது நாள்.

நகத்தடிப் புற்று நுரையீரல்வரை போய்விட்டது என்றார் டாக்டரம்மா. அவரிடம் நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "கலரால வந்துச்சா?" அவர், "அப்படிச் சொல்றதுக்கு எதுவும் இல்ல. இது யாருக்கு வேணும்னாலும் வரலாம். முதல் மாசமே வந்திருந்தா அந்த விரலோட முடிஞ்சிருக்கலாம்" என்றார். உறவினர்கள் தயவுசெய்து இந்த வரிகளை இரண்டுமுறை படிக்க வேண்டும். ஏனென்றால் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்திலேயே, "அந்தச் சாயத்துலயே கெடந்தா, அதான் வந்துது. பொண்ணாவது கடைய மூடட்டும்" என்று மூன்று பேர் என் காதுபடப் பேசினார்கள். அக்கா தன் விரலை மறைத்தது உங்கள் வாய்க்குப் பயந்து. அந்த வாய் பெட்டியை இறக்கும்போதும் மூடவில்லை. மறுநாள் பெற்றவர்களைப் போல எல்லாரும் உரிமையோடு ரெஜினாவுக்கு வேறு வேலை பார்த்துச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த பத்தொன்பது நாளில் அவர்களில் ஒருவரும் ஒரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டுவந்ததில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த விரலை முதலில் பார்த்தவன் நான். கோட்டைப் பற்றித் தெரிந்தவன் நான். இன்னும் ஒரு மாதம் ஊரில் இருந்து பார்த்திருந்தால் போதும். எனக்கு ஒரே ஊரில் ஒரு மாதம் இருந்து பழக்கமில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் குறைவு. அக்காவை ஆட்டோவில் ஏற்றிச் சென்று, தன் கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் எங்களோடு இருந்த தையல் கடை அண்ணனுக்கு நன்றி. தினமும் கஞ்சி அனுப்பிய எதிர்வீட்டு அம்மாவுக்கு நன்றி. கருவி மாட்டும்போது அந்தக் கட்டைவிரலை அருவருக்காமல் பிடித்த நர்ஸுக்கு நன்றி. நாற்பதாம் நாள் கடையை மறுபடி திறந்தபோது, பஸ் பிடித்து வந்து, செருப்பைக் கழற்றி நான்கு விரல் உள்ள காலை ரெஜினாவின் மடியில் முதலில் வைத்த காலாப்பட்டு டீச்சரம்மாவுக்கு நன்றி.

கடை திறந்திருக்கிறது. ரெஜினாதான் நடத்துகிறாள். நான் மூன்று தெரு தள்ளி வேலை பார்க்கிறேன், மாதம் ஒருமுறை கையை நீட்டுகிறேன். வண்ணங்களை இப்போது வந்தவர்களின் விரலிலேயே ஒரு சொட்டு வைத்துக் காட்டுகிறாள். அவளுடைய பத்து நகங்களும் வெறுமையாக இருக்கின்றன. நகக் கடைக்காரிக்கு ஏன் கலர் இல்லை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவரிடமும் அவள் அக்காவின் கட்டைவிரலைப் பற்றிச் சொல்லிவிட்டு, "சரி, உங்க பழைய கலர அழிக்கிறேன், கைய குடுங்க" என்கிறாள்.