நான் வெட்டிய முப்பத்தொரு பக்கங்கள்

ஒரு நாவலை மொழிபெயர்க்கும்போது அதிலிருந்து முப்பத்தொரு பக்கங்களை எடுத்துவிட்டேன். எழுதியவரிடம் கேட்கவில்லை. பிறகு அவர் கேட்டபோது பொய் சொன்னேன். இரண்டையும் எழுபத்து மூன்றாவது வயதில், நல்ல உடல்நலத்தோடும் தெளிந்த புத்தியோடும் செய்தேன். ஆகவே முதுமையின் மீது பழிபோடவும் வழியில்லை.

நான் எப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளன் என்று சொல்லிவிடுகிறேன். ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கினேன். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், நடைபாதையில் சைக்கிளை நிறுத்தாதீர்கள், மின்தூக்கியில் சிறுநீர் கழிக்காதீர்கள். கொசுவைப் பற்றித் தமிழில் என் அளவுக்கு எழுதியவர் வேறு யாரும் இருக்க முடியாது. அந்த வேலையில் ஒரு காற்புள்ளியை மாற்றவும் மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். அப்படி அடங்கிக் கிடந்தவனிடம் ஓய்வுக்குப் பிறகு ஒரு நாவலைக் கொடுத்தார்கள். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி ஆகிவிட்டேன்.

நாவலை எழுதியவர் இருபத்தெட்டு வயதுப் பெண். எங்கள் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஆங்கிலத்தில், இளையர்களுக்காக எழுதியிருந்தார். தமிழில் கொண்டுவரப் பதிப்பாளர் என்னைத் தேர்ந்தெடுத்ததும், ஆங் மோ கியோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்.

“அங்கிள், எங்கம்மா படிக்கணும். அவங்களுக்கு இங்லீஷ் நாவல்லாம் முடியாது. அதுக்காகத்தான் தமிழ்ல வேணும்னு நானே கேட்டேன்.”

“கவலைப்படாதீங்கம்மா” என்றேன். கவலைப்பட்டிருக்க வேண்டும்.

கதை இன்னும் நூறு ஆண்டு கழித்து நடக்கிறது. கடல் ஏறிவிட்டது. தீவைச் சுற்றி ஒரு பெரிய சுவர். பெரியவர்கள் எல்லாரும் பகல் முழுவதும் சுவர் வேலைக்குப் போய்விட வேண்டும். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதானதும் ஒரு சோதனை வைத்து வெவ்வேறு மாடிகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். (“இது எதிர்காலமா, நம்ம பையன் எழுதுன பரீட்சையா?” என்று என் மனைவி கேட்டாள்.) ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு வளையம் இருக்கும். வளையம் பழுதான பிள்ளைகளைத் தேடிக் கணக்கெடுப்பாளர்கள் மின்தூக்கியில் வருவார்கள். அவர்களோடு போன பிள்ளைகள் திரும்பியதில்லை.

கதாநாயகி நாற்பத்து மூன்றாவது மாடியில் இருக்கிறாள். மிகவும் பயந்த பெண். அவளுடைய வளையம் பழுதாகிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா வேலைக்குப் போகமாட்டாள், போகாவிட்டால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள். ஆகவே மின்தூக்கி நிற்கும் ஓசை கேட்டதும் பாம் ஷெல்ட்டருக்குள் ஓடி ஒளிகிறாள். எங்கள் ஊரில் கொஞ்சம் புதிய அடுக்குமாடி வீடுகளில் எல்லாம் அந்த அறை உண்டு. போர் வந்தால் ஒளிவதற்கென்று தடித்த இரும்புக் கதவு போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். போர் வரவில்லை. அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் போட்டு வைத்திருக்கிறோம்.

அந்த அறைக்குள் அந்தச் சிறுமி முப்பத்தொரு பக்கங்களுக்கு உட்கார்ந்திருக்கிறாள். மின்தூக்கி எத்தனை முறை நின்றது என்று எண்ணுகிறாள். பசித்தால் பிஸ்கட்டைக் கடிக்காமல், சத்தம் வராதபடி நாக்கில் வைத்துக் கரையவிட்டுத் தின்கிறாள். கடைசிப் பக்கத்தில், நடைபாதையில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது கேட்கிறது. கதவை ஒரு சாண் திறந்து, கையை நீட்டிக் குழந்தையை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். அவள் துணிச்சலின் தொடக்கம் அந்த ஒரு சாண். பிற்பாடு அவள் செய்யும் பெரிய காரியங்கள் எல்லாம் அதிலிருந்து வளர்பவை.

எனக்கு அது பிடிக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் கதையில் கதாநாயகி இப்படி மூட்டைக்குப் பின்னால் பதுங்கலாமா? உண்மையைச் சொன்னால் வேறொரு காரணமும் உண்டு. ஒன்றுமே நடக்காத அந்தப் பக்கங்களைத் தமிழில் கொண்டுவருவது கடினமாக இருந்தது. கொசுவைக் கொல்வது அதைவிட எளிது. எனவே எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் நானே எழுதினேன். “அச்சம் அவளைக் கண்டு அஞ்சி ஓடியது. இரும்புக் கதவை எட்டி உதைத்தாள். அதிகாரிகள் அதிர்ந்தனர்.” அதன் பிறகு ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு சொற்பொழிவு. கேட்டுவிட்டுக் கணக்கெடுப்பாளர்கள் தலைகுனிந்து மின்தூக்கியில் ஏறிப் போனார்கள். அவர்கள் வாய்விட்டு அழாததுதான் குறை.

புத்தக வெளியீடு ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தொகுப்பாளர், எழுத்தாளரின் அம்மாவையும் மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். திருமணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் அவர். தேக்கா சந்தையில் மேல்மாடித் துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு தையல் கடையில் பல ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறார்.

“எனக்கு மேடையில எல்லாம் பேசத் தெரியாதுங்க” என்று தொடங்கினார். “ரெண்டே நாள்ல படிச்சு முடிச்சிட்டேன். கதவை உதைக்கிறா பாருங்க ஒரு பொண்ணு, அப்படியே எங்க பாப்பாதான். எட்டு வயசுலேர்ந்து ஸ்கூல் விட்டு வந்து வீட்ல தனியா இருப்பா. நான் கடையில. அவங்கப்பா ஷிப்டுல. எப்படிங்க விட்டுட்டுப் போறீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. எங்க பாப்பாவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு சொல்லுவேன்.”

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன், என் கதவுக்காக. மேடையில் இருந்த எழுத்தாளர் தட்டவில்லை.

வடை, தேநீர் மேசையருகே அவர் என்னிடம் வந்தார். பள்ளியில் தமிழ் படித்தவர்தான், மெதுவாகப் படிப்பார். என்னை நம்பி அச்சுக்கு முன் படித்துப் பார்க்கவில்லை. இப்போது புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: “அங்கிள், பாம் ஷெல்ட்டர் சாப்டர்ஸ் எங்க?”

வாயில் வடை இருந்தது. அதோடு சேர்த்துப் பொய்யையும் மென்றேன். “பதிப்பாளர் பக்கம் குறைக்கச் சொல்லிட்டார்மா.”

“ஓ” என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, “அது நான்தான் அங்கிள். நாலு வருஷம். லிஃப்ட் நின்னாலே உள்ள ஓடிடுவேன். சொன்னா அம்மா வேலைய விட்டுடுவாங்களோன்னு பயம். அப்புறம் பெரியவளாயிட்டேன். அவங்க எல்லார்கிட்டயும் அவ்ளோ பெருமையா சொல்லிட்டு இருக்கறப்ப எப்படிச் சொல்றது? அதான் புக்கா எழுதினேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவால்ல லா” என்றார்.

திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

திரும்பும் வழியில், ரயிலில், ஆங்கிலப் புத்தகத்தையும் படித்திருந்த என் மனைவி கேட்டாள்: “பதிப்பாளர் எப்ப சொன்னாரு?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். சுரங்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

“அந்தப் பொண்ணு ஏன் எலெக்‌ஷன் கூட்டத்துல பேசற மாதிரி பேசறான்னு நான் அப்பவே கேட்டேன்ல?” என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு சாண் கதவைத் திறக்க முப்பத்தொரு பக்கம் எடுத்துக்கொண்டாள் என்று அலுத்துக்கொண்டவன், உண்மையைச் சொல்ல நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். ஆறு மடல்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாமே அலுவலக நடையில் வந்தன. “நேர்ந்த தவற்றுக்கு வருந்துகிறோம்” என்று முடிந்த ஒன்றை மனைவி படித்துவிட்டு, “வருந்துகிறோமா? வெட்டும்போது நானுமா கூட இருந்தேன்?” என்றாள். மடலை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்து, “நேர்ல போங்க” என்று அனுப்பினாள்.

எழுத்தாளர் இப்போது பாசிர் ரிஸில் தனியாகக் குடியிருக்கிறார். அவர் வீட்டுக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். யாரும் பக்கம் குறைக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் வெட்டினேன், பிறகு பொய்யும் சொன்னேன் என்றேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு மாதமாகத் தூக்கிச் சுமந்தது இவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

“தெரியும் அங்கிள். அடுத்த நாளே பப்ளிஷர்கிட்ட கேட்டுட்டேன்.”

“ஏன்மா என்கிட்ட கேக்கல?”

“நீங்களா சொல்றீங்களான்னு வெயிட் பண்ணேன். ரொம்ப நாள் எடுத்துக்கிட்டீங்க லா.”

அந்தப் பக்கங்களை ஒழுங்காக மொழிபெயர்த்துத் தருகிறேன், அடுத்த பதிப்பில் சேர்க்கலாம், அதற்கு முன் அம்மாவிடம் நீங்களே கொடுத்துவிடலாம் என்றேன். உறுதியாகத் தலையாட்டி மறுத்தார். “நீங்க வெட்டினத நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. நான் கூட வர மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு.”

மறுபடியும் மொழிபெயர்க்க ஆறு வாரம் பிடித்தது. ஒவ்வொரு பக்கத்தையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். எங்காவது அலங்காரம் தலைகாட்டினால் இருமுவாள். முதல் வாரம் அவளுக்குக் கடுமையான இருமல். பிறகு மெல்லக் குறைந்தது. ஒரு குழந்தை பயந்து உட்கார்ந்திருந்ததைச் சொல்ல, ஒரு குழந்தை பயந்து உட்கார்ந்திருந்தது என்று எழுதினால் போதும். இது புரிய எனக்கு இத்தனை வயதாயிற்று.

தாள்களை எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனபோது தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. தையல் இயந்திரத்தைச் சுற்றிலும் ரவிக்கைத் துணிகள் குவிந்திருந்தன. விட்டுப்போன பக்கங்களைக் கொண்டு வந்திருக்கிறேன், தவறு என்னுடையது என்றேன்.

“உக்காருங்க சார். என் கண்ணுக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கு. நீங்களே படிங்க” என்றார் அம்மா.

படித்தேன். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. சிறுமி ஒளிந்தாள், எண்ணினாள், அம்மாவிடம் சொல்லாமல் இருந்தாள். இயந்திரம் ஓடியது. பிஸ்கட் வந்தபோது நின்றது.

“எப்படித் தின்னான்னு போட்டிருக்கு? திரும்பப் படிங்க.”

படித்தேன்.

“அரிசி மூட்டைக்குப் பின்னாடி பிஸ்கட் கவரா கிடந்துச்சு சார். ஒரே எறும்பு. திருட்டுத்தனமா திங்கறியான்னு ஸ்கேலால அடிச்சேன்.” துணியை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். “அப்பயும் வாயத் தொறக்கல பாருங்க. இனிமே மேசையில உக்காந்து சாப்பிடறேம்மான்னா.”

ரவிக்கை தயாரா என்று ஒரு பெண்மணி வந்து கேட்டார். “நாளைக்கு வாங்கக்கா” என்றார் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு என்னிடம், “இன்னும் இருக்கா?” என்றார்.

“பத்துப் பக்கம்.”

“படிங்க.”

குழந்தையை உள்ளே இழுத்துக்கொள்ளும் இடத்தோடு நிறுத்தினேன்.

“அவ்ளோதானா? அப்ப அந்த எட்டி உதைக்கறது?”

“அது நான் போட்டதும்மா.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா சார்?”

“ஒரு பையன்.”

“ம்” என்றார். அந்த ஓர் எழுத்தை மொழிபெயர்க்க என்னிடம் ஆறு வாரம் அல்ல, ஆறு ஆண்டு கொடுத்தாலும் முடியாது. தாள்களை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இயந்திரத்தை மறுபடி ஓட்டினார். நான் கீழே இறங்கி வந்தேன்.

அடுத்த பதிப்பு இன்னும் வரவில்லை. வந்தால் சேர்ப்பதாகப் பதிப்பாளர் சொல்லியிருக்கிறார். அதுவரை நூலகங்களில் என் கதாநாயகி கதவை உதைத்துக்கொண்டுதான் இருப்பாள். எழுத்தாளரின் இரண்டாவது நாவலை வேறொருவர் மொழிபெயர்க்கிறார், சின்ன வயதுக்காரர். எனக்கு ஏன் தரவில்லை என்று நான் கேட்கவில்லை, எழுத்தாளரும் மன்னிப்புக் கேட்பது போல எதுவும் சொல்லவில்லை. அது சரிதான்.

ஆனால் தேக்காவுக்குப் போய்வந்த இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது.

“அங்கிள், எங்கம்மாவ என்ன பண்ணீங்க? தினம் ஒன்னே முக்காலுக்குக் கரெக்டா ஃபோன் அடிக்கிறாங்க. ‘வந்துட்டியா’ன்னு கேக்கறாங்க. நான் ஆபிஸ்ல மீட்டிங்ல இருக்கேன், எங்க வர்றது?”

“அப்புறம்?”

“மூணாவது நாள்தான் புரிஞ்சுது. நான் ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வர்ற டைம் அங்கிள் அது.”

அந்தப் பக்கங்களைப் பற்றி இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். அம்மா கேட்பார், இவர் “வந்துட்டேம்மா, கதவப் பூட்டிட்டேன்” என்பார், அம்மா “சரி” என்று வைத்துவிடுவார். இதற்காகத் தினமும் கூட்டத்தின் நடுவே எழுந்து வெளியே போகிறார். யார் அழைப்பது என்று ஒருநாள் மேலாளர் கேட்டாராம். அம்மா என்றாராம். அப்புறம் பேசக் கூடாதா என்றாராம் மேலாளர். தன் வாழ்க்கையில் எந்த அதிகாரியையும் எதிர்த்துப் பேசியிராத அந்தப் பெண், கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போனாராம்.