ஹெல்மெட்டுக்குள் மாத்திரை

என் மாமா மேல் எனக்கு இருக்கும் கோபத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்கச் சொன்னால், அவர் ஓட்டும் கிரேனே குப்புற விழுந்துவிடும். மாமா என்றால் அக்கா புருஷன். அடுக்குமாடி எழும்பும் இடத்தில் அவர் உச்சியில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறார். நான் கீழே நின்று வாக்கி-டாக்கியில் "ஏத்து, இறக்கு, இடது பக்கம் கொஞ்சம்" என்று கத்துகிறேன். அக்காவுக்கு அடுத்தபடி அவரை ஆட்டிவைக்கும் ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

வேலைத்தளத்தில் அவருக்குப் பெயர் 'மேலிடம்'. யாராவது லீவு கேட்டால் கொத்தனார்கள் ஆகாயத்தைக் காட்டி, "மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்" என்பார்கள்.

மேலிடம் ஒரு காலத்தில் கீழிடமாகத்தான் இருந்தார். கலவைச் சட்டி சுமக்க வந்தவர். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போடும்போது இவர் மல்லாந்து படுத்துக் கிரேனையே பார்த்துக்கொண்டிருப்பாராம். பிறகு எப்படியோ பழகி, பரீட்சை எழுதி, ஏணியில் ஏறியவர்தான். முட்டைக் கூடையைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தாலும் ஒன்று உடையாமல் பக்கத்து ஊரில் இறக்கிவிடுவார். அவருடைய கேபின், கல்யாணப்பெண்ணின் நகைப்பெட்டி மாதிரி இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, அது இருப்பதே தெரியாமல் காக்கா வந்து முட்டிக்கொண்டு போகும்.

பத்தாவது மாடியில் வேலை செய்கிறவர்கள் ஒன்றுக்குப் போகக் கீழே இறங்கினால் நேரம் வீணாகிறது என்று, கம்பெனி ஒரு கழிப்பறைப் பெட்டியை வாங்கியது. அதை அலுங்காமல் தூக்கிப் பத்தாவது மாடியில் வைத்ததும் இதே மாமாதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறும் இடம் இதுதான்.

மாமாவின் அண்ணன் முகம் கழுவக் குனிந்தவர் நிமிரவே இல்லை. மாரடைப்பு. ஆளுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. அன்றிலிருந்து அக்காவுக்கு மாமா இரண்டு தரம் இருமினாலும் போதும், கையிலிருக்கும் கரண்டி கீழே விழும். கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். பிரஷர் இருந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கணும், சிகரெட்டை விடணும், தினமும் நடக்கணும், தவறாமல் வந்து பார்க்கணும் என்றார்.

அக்கா வீட்டு உப்பு டப்பாவுக்கு அன்றே வனவாசம். குழம்பு சப்பென்று இருந்தது என்று நான் சொன்னதற்கு, என் தட்டையும் பிடுங்கிக்கொண்டாள். மாமா சிகரெட்டை விட்டார், அது நிஜம். ஆனால் கொத்தனார்கள் உப்புக்கடலைப் பொட்டலத்தைக் கொக்கியில் கட்டி மேலே அனுப்புவார்கள். சாயங்காலம் கேட்டால், "சிகரெட்டுக்குப் பதில் வாய்க்கு ஒரு வேலை வேணாமா மாப்ளே?" என்று சிரிப்பார்.

காலையில் அக்கா ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மாத்திரையுமாக நிற்பாள். இவர் வாயில் போட்டு, மடக்கென்று குடித்து, "ஆச்சும்மா" என்பார். டாக்டரிடம் போகும்போதெல்லாம் பிரஷர் அடக்கமாகப் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். டாக்டர் பாராட்டுவார். அக்கா அந்தப் பாராட்டைத் தெருமுனை வரைக்கும் விநியோகம் பண்ணுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல் கம்பெனி ஒரு மருத்துவ வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது. பிரஷர் பார்க்காமல் யாரும் உள்ளே போகக்கூடாதாம். அன்றைக்குப் பார்த்துக் கான்கிரீட் போடும் நாள். கலவை லாரிகள் வயிற்றைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றன.

மாமாவின் கையில் பட்டையைச் சுற்றிய நர்ஸ், முகம் மாறி, "அண்ணே, கொஞ்சம் சும்மா உக்காருங்க" என்றாள். உட்கார வைத்து மறுபடி பார்த்தாள். இன்னொரு கையிலும் பார்த்தாள். மேல் அளவு இருநூறைத் தாண்டி நின்றது. நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்டாள். இல்லை, லேசாகத் தலைவலி மட்டும்தான் என்றார். "இன்னிக்கு நீங்க ஏறக் கூடாது. இப்பவே டாக்டரப் பாக்கணும்" என்றாள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "என்னம்மா நீ, லாரியில கலவை இறுகிட்டு இருக்கு. ஆளு கல்லு மாதிரி இருக்காரு. ஏறட்டும், வேல முடிச்சுட்டு வந்து பாத்துக்கலாம்."

"கலவை இறுகினா வேற கலவை வரும் சார். இவரு மேல மயங்கி விழுந்தா கொக்கியில தொங்குறத யாரு பிடிப்பா? நீங்க பிடிக்கிறீங்களா?"

நான் நர்ஸுக்கு மனசுக்குள் மாலை போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

அக்கா வந்த வேகத்தில் லாரிகளே ஒதுங்கி வழிவிட்டன. "இவரு தினமும் மாத்திரை போடுறாரு! நானே என் கையால குடுக்குறேன்! உங்க மெஷின் சரியில்ல!" என்று நர்ஸிடம் பாய்ந்தாள். பாய்ந்த வேகத்தில் மேஜை மேல் இருந்த மாமாவின் ஹெல்மெட்டைத் தூக்கி ஓங்கி வைத்தாள்.

ஹெல்மெட்டின் உள்பட்டைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை மாத்திரை தெறித்து விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அக்கா ஹெல்மெட்டைத் தலைகீழாகத் தட்டினாள். மரத்தை உலுக்கினால் நெல்லிக்காய் உதிர்கிற மாதிரி உதிர்ந்தன.

அக்கா மாமாவை 'ஏங்க' என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. அன்றைக்குத்தான் வேறொன்றை முதல்முதலாகக் கேட்டேன்.

"யோவ்! என்னய்யா இது?"

மாமா தரையைப் பார்த்தார். வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டக் குனியும்போது துப்பி ஹெல்மெட்டில் செருகிவிடுவாராம். டாக்டரைப் பார்க்க லீவு போடும் நாட்களில் மட்டும் ஒழுங்காக விழுங்குவாராம். அதனால்தான் அங்கே போனால் பிரஷருக்கு அவ்வளவு மரியாதை!

"அத போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதும்மா" என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில். "மேல ஏறிட்டா எப்படி இறங்குறது?"

"பாட்டில் கொண்டு போறதுக்கென்ன?"

"கேபின்ல போயி அதெல்லாம்... நான் அங்க சாப்பிடுறவன்."

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரத்தில், நான் லீவில் இருந்த நாளில், ஒரே காலையில் மூன்று தரம் இறங்கி ஏறியிருக்கிறார். சூப்பர்வைசர் எல்லோரும் கேட்கிற மாதிரி வாக்கியில், "என்ன மேலிடம், குழாய் ஒடஞ்சு போச்சா?" என்றாராம். தளம் முழுக்கச் சிரித்திருக்கிறது. மறுநாளிலிருந்து மாத்திரை ஹெல்மெட்டுக்குப் போனது. தாகத்துக்குத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம்.

பத்தாவது மாடிக்குக் கழிப்பறையையே தூக்கிக்கொண்டு போய் வைத்த மனுஷன்! தனக்கு ஒன்றுக்குப் போக வழியில்லையென்று உயிரை அடகு வைத்திருக்கிறார். பல்லைக் கடித்தேன், கடைவாய்ப்பல் மாவாகியிருக்கும்.

அக்கா சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "சிரிச்சீங்களா சார்? நல்லா சிரிச்சீங்களா? இவங்க அண்ணன் செத்தப்ப பொறந்த புள்ள இப்ப நடக்குது, அதுக்கு அப்பன் மூஞ்சி தெரியாது. அதுக்கும் சேத்து ஒரு தடவ சிரிங்க!" சூப்பர்வைசர் லாரிகளைப் பார்ப்பது போல நகர்ந்தார்.

அதே சூட்டோடு டாக்டரிடம் போனோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்தார். "இது உடம்புல இருக்குற தண்ணிய வெளியேத்துற மாத்திரைங்க. ஒத்துவரலன்னா சொல்லக் கூடாதா? வேற எத்தனையோ மாத்திரை இருக்கே!"

மாமா தலையாட்டினார். அக்கா ஆட்டவில்லை.

"இவரு சொல்லல, சரி. இவ்ளோ நாள்ல ஒரு தடவையாவது என்ன வேல பாக்குறீங்கன்னு நீங்க கேட்டீங்களா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு, "கேக்கல. கேட்டிருக்கணும்" என்றார். அதற்காக அவர் மேலிருந்த கோபத்தில் பாதியைக் கழித்துக்கொண்டேன். மீதி இருக்கிறது.

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். அதிக பிரஷரில் அடித்து அடித்து இதயத்தின் சுவர் கொஞ்சம் தடித்திருந்தது. அடைப்பு எதுவும் தெரியவில்லை. "இன்னும் கை மீறிப் போகல. இனிமே ஒழுங்கா இருந்தா காப்பாத்திக்கலாம். எது ஒத்துக்கலன்னாலும் என்கிட்ட வந்து சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். வேறு மாத்திரை எழுதி, பிரஷர் அடங்கும் வரைக்கும் ஏணிப் பக்கமே போகக்கூடாது என்றார். புது மாத்திரை எழுத அவருக்கு ஆன நேரத்தில் ஒரு தும்மல்கூட முழுசாகத் தும்ம முடியாது. அந்தத் தும்மல் நேரத்தைக் கேட்டு வாங்காமல்தான் இத்தனை காலம் இந்த மனுஷன் நெஞ்சுக்குள் வெடிகுண்டை வைத்துக்கொண்டு, எங்கள் தலைக்கு மேல் இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தார்!

வாரக்கணக்கில் வீட்டில் இருந்தார். அக்கா தினமும் நடக்கக் கூட்டிப்போனாள், ஆனால் பேசவில்லை. இருவரும் சண்டை போட்ட தண்டவாளங்கள் மாதிரி இடைவெளி விட்டு நடப்பார்கள். மாத்திரை போட்டதும் "ஆ" என்று வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

டாக்டர் சரியென்று சொன்ன பிறகு, போன வாரம் மறுபடி மேலே ஏறினார். ஹெல்மெட்டை அக்கா தலைகீழாக நாலு தட்டுத் தட்டிப் பார்த்துத்தான் கையில் கொடுத்தாள். கடலைப் பொட்டலம் கட்ட வந்த கொத்தனாரை நான் கொக்கிப் பக்கமே விடவில்லை.

முற்பகல் நேரம், சுமை எதுவும் இல்லாமல் கொக்கி நின்றது. மாமா ஏணியில் இறங்குவது தெரிந்தது. வாக்கி கரகரத்தது.

"மேலிடம், எங்க இறங்குறீங்க?" சூப்பர்வைசர் குரல்.

தளமே காதைத் தீட்டிக்கொண்டது. மாமா பாதி ஏணியில் நின்று பொத்தானை அழுத்தினார்.

"ஒண்ணுக்குப் போறேன் சார். வந்து தூக்குறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர், "சரி, பாத்து இறங்குங்க" என்றார்.

சாயங்காலம் அக்காவிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே உப்பில்லாத குழம்பை மாமா தட்டில் ஊற்றினாள்.

"இந்த வாய அன்னிக்கே தொறந்திருந்தா என்னவாம்?" என்று என்னிடம் கேட்டாள். கேள்வி மாமாவுக்கு. மாமா இன்னொரு கரண்டி குழம்புக்குத் தட்டை நீட்டினார்.