ஓர் ஆள் கூடிய படகு

விடியற்காலையில் அம்மா தீவில் இறந்துவிட்டதாக நல்லூரில் இருந்த எனக்குப் போன் வந்தது. அன்று பின்னேரமே எடுக்கிறார்கள் என்றார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் நான். அம்மாவின் ஒரே தங்கையான சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஓடினேன். வழியெல்லாம் அவருக்கு ஒரே கதைதான்.

"அக்காவின்ரை முகத்தை ஒருக்காப் பாத்தால் காணும் மோனை. வேறை ஒண்டும் வேண்டாம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகு நிரம்பியிருந்தது. எல்லோரும் எங்கள் ஆட்கள்தான். மாமன்மார், மச்சாள்மார், அம்மாவோடு படித்தவர்கள். இடித்துப் பிடித்துக் கடைசியாக நாங்களும் ஏறினோம். அடுத்த படகு பொழுதுபடத்தான். அதில் போனால் சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வருவதைத்தான் பார்க்கலாம்.

முன்பென்றால் கால் வைக்க இடமிருக்கும் வரை ஏற்றுவார்கள். இப்போது அரசாங்கம் இறுக்கிப் பிடிக்கிறது. எத்தனை பேர் ஏறலாம் என்று படகின் பக்கத்தில் பெயின்றால் எழுதியிருக்கிறது. எல்லோரும் உயிர்காப்பு அங்கி போட வேண்டும். கடற்படைக்காரர் ஒருவர் வந்து தலை எண்ணிய பிறகுதான் கயிற்றை அவிழ்க்கலாம். பேப்பரில் இதை வாசித்தபோது, இப்போதாவது புத்தி வந்ததே என்று தலையாட்டியவன்தான் நான்.

கடற்படைக்காரர் எண்ணினார். பிறகு மற்றப் பக்கத்திலிருந்தும் எண்ணினார்.

"ஒரு ஆள் கூடுதல். ஒருத்தர் இறங்குங்க ஐயா."

"செத்தவீட்டுக்குப் போறம்! ஒராள் கூடினால் என்ன, படகு கடலுக்குள்ளை தாண்டே போகப்போகுது?" என்று கத்தினேன். அந்தக் கடற்படைப் பையனில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. படகோட்டியாவது எங்கள் பக்கம் நிற்பான் என்று அவனைப் பார்த்தேன். அவன் எஞ்சினை நிற்பாட்டினான்.

"ஒராள் இறங்காமல் நான் வெளிக்கிடமாட்டன் அண்ணை. குறை நினையாதேங்கோ."

யாரை இறங்கச் சொல்வது? எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள், செத்தவீட்டுக்குப் போகாவிட்டால் மன்னிக்கமாட்டார்கள். சாவுக்கு வெளிக்கிட்டவரைப் பாதியில் இறக்கினால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. பெரிய மாமா, "வேணுமெண்டால் நான் இறங்கிறன்" என்றார். சொன்னாரே தவிர, இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பக்கத்தில் ஏதோ அசைவு தெரிந்து திரும்பினேன். சின்னம்மா அங்கியின் பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன விசரே சின்னம்மா? இருங்கோ!"

"கையை விடு மோனை. உன்ரை சித்தப்பா போன அண்டைக்கும் படகு நிறைஞ்சு போச்சு, இனி ஏலாது எண்டுதான் சொன்னவை. ஒராள் கூடினால் என்ன எண்டு கெஞ்சி அவரை ஏத்திவிட்டது நான்தான்."

சித்தப்பா படகு கவிழ்ந்து இறந்தது எல்லோருக்கும் தெரியும். இதை மட்டும் இத்தனை வருடமாக அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் கையை விட்டேன். இப்போது இரண்டு மூன்று பேர் எழும்பினார்கள், "நீங்கள் இருங்கோ, நாங்கள் இறங்கிறம்" என்றார்கள். அதற்குள் அவர் கரையில் நின்றார். கடற்படைக்காரர் அவருடைய கையைப் பிடித்து இறக்கிவிட்டிருந்தார். படகோட்டி எஞ்சினை ஸ்ராட் பண்ணினான். எனக்கு அழுகை வந்தது அம்மாவுக்காகவா சின்னம்மாவுக்காகவா என்று இன்றைக்கும் தெரியாது.

பின்னேரம் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தேன்.

சின்னம்மா கடைசிப் படகில் வந்து சேர்ந்தார். வீடு கழுவி முடிந்திருந்தது. அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு மட்டும் எரிந்தது. சின்னம்மா அதன் பக்கத்தில் போய் இருந்தார். பெண்கள் அவரைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அவர் அழவில்லை. அவர்கள் எழும்பிப் போகும்வரை பொறுத்திருந்து என்னைக் கூப்பிட்டார்.

"நான் வருசப்பிறப்புக்கு எடுத்துக் குடுத்த பச்சைச் சீலையே அக்காவுக்கு உடுத்தினவை?"

பகல் முழுக்க நான் அம்மாவின் தலைமாட்டில் நின்றவன். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதவன். என்ன சீலை உடுத்தியிருந்தார்கள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"ஓம் சின்னம்மா, பச்சைதான்" என்றேன்.

அதைக் கேட்ட பிறகுதான் அவர் அழத் தொடங்கினார்.