சிலேட்டில் விட்டுப்போன பூஜ்யம்

மயிலாப்பூரில் என்னைப் பெண் பார்க்க வந்தவர் காலேஜில் கணக்குப் படித்தவர். ஒல்லி. யோசிக்கும்போது காது மடலை இழுத்துக்கொள்வார். எல்லோரும் என்னைப் பாடச் சொன்னார்கள், குரல் எழும்பவில்லை.

"பாட்டு வேண்டாம், கூட்டல் பெருக்கல் வந்தாப் போறும்" என்று அவர்தான் என் தம்பியின் சிலேட்டை வாங்கினார்.

எக்ஸ் போட்ட நீளமான கணக்கு ஒன்றிலிருந்து எண்களை மட்டும் வரிசையாக எழுதினார். முதல் எண்ணை அப்படியே கீழே இறக்கி, இரண்டால் பெருக்கி, அடுத்த எண்ணோடு கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்.

"கடைசியில பூஜ்யம் வந்தா எக்ஸ் மைனஸ் ரெண்டால மீதியில்லாம வகுபடறதுன்னு அர்த்தம். நடுவுல எக்ஸ் ஸ்கொயர் இல்லேன்னா அந்த எடத்துல பூஜ்யம் போடணும். மறக்கப்படாது."

எனக்குச் சரியாக வந்தது. அடுத்த கணக்கை அவரே போட்டார். வரக்கூடாத மீதி வந்தது. காதை இழுத்தார்.

"ரெண்டாவது எடத்துல பூஜ்யம் போடலியே" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

"பேஷ்! எங்க காலேஜ்லகூட இப்படிக் கண்டுபிடிக்க ஆளில்லே" என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி இரவெல்லாம் நான் தூங்கவில்லை.

மறுநாள் தரகர் வந்தார். "பொண்ணு வாயாடியாம். வேண்டாம்னு பையனே சொல்லிட்டான்."

அப்பா திகைத்துப்போய், "இவளா?" என்றார்.

சிரித்தபோது அவர் முகத்தில் கோபம் எந்த மூலையில் இருந்தது என்று தேடிப் பார்க்கிறேன். இன்றுவரை அகப்படவில்லை.