பூட்ஸ் போட்ட நாள்

உப்புத்தோல் ஏற்றிவரும் லாரியில் சரக்கு இறக்க நாங்கள் வெறுங்காலோடுதான் ஏறுவோம். தோலிலிருந்து கசியும் உப்புத்தண்ணீரில் பலகையெல்லாம் வழவழவென்று கிடக்கும். கால்விரல்தான் எங்களுக்குப் பிடிமானம். ஒரு எருமைத்தோலுக்கு இரண்டு ஆள். தலைப்பக்கம் நான், வால்பக்கம் என் தோஸ்த். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாங்கள் ஜோடி.

தோல் கம்பெனியில் ரப்பர் கம்பூட்ஸ் இல்லாமல் இல்லை. தோல் வாங்கும் வெளிநாட்டு பையர் பார்வையிட வரும் நாளில் மட்டும் ஸ்டோரிலிருந்து வெளியே வரும். கார் கிளம்பியதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு நாள் சூப்பர்வைசர் எனக்கும் ஒரு ஜோடியை வீசினார்.

"பெரிசா இருக்கு சார்."

"இன்னாபா பேஜார் பண்றே? கொஞ்ச நேரந்தானே, மாட்டிக்கோ."

மாட்டித் தொலைத்தேன். காலுக்குக் கீழே எது பலகை, எது தண்ணீர் என்று ஒன்றும் தெரியவில்லை. தோலைப் பிடித்துப் பின்நடையாக வந்தவன், லாரி முடிந்ததுகூடத் தெரியாமல் சிமெண்ட் தரையில் விழுந்தேன். ஒரு பூட்ஸ் லாரிமேலேயே நின்றது. "பையர் பாக்கறதுக்குள்ள தூக்குங்கடா" என்றார் சூப்பர்வைசர். இடுப்பெலும்பு உடைந்து கத்துகிறேன், அந்த மனுஷனுக்கு அதுதான் கவலை!

ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடந்த மாதங்களில் என் கவலை வேறு. என் இடத்தில் இன்னொருவன் நிலைத்துவிடுவானோ? "வாட்ச்மேன் வேலைக்குப் போயேன்யா" என்பாள் வீட்டுக்காரி. அவள்மேல் எரிந்து விழுவேன். லாரி ஏறுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

கொஞ்சம் நடக்க வந்ததும் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறினேன். லாரியடியில் நின்ற மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இடுப்பு தாங்குமாப்பா?"

நான் வாய் திறக்குமுன் தோஸ்த் முந்திக்கொண்டான். "அதெல்லாம் தாங்கும் மேஸ்திரி. அவன் என் ஜோடி." கைகொடுத்து என்னை லாரிமேலே இழுத்தான்.

முதல் தோலைத் தூக்கினோம். அடுத்ததையும் தூக்கினோம். அட, வலிக்கவே இல்லை! பழைய உடம்பு திரும்பிவிட்டது என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, மூச்சு வாங்கினான். அப்புறம்தான் கவனித்தேன். தோலின் நடுப்பாகம் வரைக்கும் கைநீட்டி அவனே பிடித்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. என் கையில் இருந்தது வெறும் ஓரம்.

"ஏண்டா?"

"சும்மா புடிச்சிக்கினு நில்லுடா. மேஸ்திரி பாக்கறாரு."

அவனுக்கும் என் வயசுதான். எத்தனை லாரிக்கு இப்படித் தாங்குவான்?

"இருடா, டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று மெல்ல இறங்கினேன்.

"எனக்கும் ஒண்ணு வாங்கியா, சக்கரை கம்மியா" என்று லாரிமேலிருந்து கத்தினான். திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டினேன், டீக்கடையையும் தாண்டினேன்.