தலைவர் பேருக்கு ஒரு மனு

சமயநல்லூரில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். தேர்தல் வந்தால், சீட்டு கேட்டுக் கட்சிக்கு விருப்ப மனு போடுகிறவர்கள் படிவம் நிரப்ப என்னிடம்தான் வருவார்கள். எங்கள் எம்எல்ஏ வயதாகிவிட்டதென்று ஒதுங்கிக்கொண்ட வருஷம், அவர் இடத்துக்கு ஒன்றியச் செயலாளரும் அரிசி மில்காரரும் முட்டிக்கொண்டார்கள். இருவரும் ஒரே கட்சி.

காலையில் வந்த செயலாளர், இந்தத் தொகுதியில் கட்சித் தலைவரே நிற்க வேண்டும் என்று மனு எழுதச் சொன்னார். மதியம் வந்த மில்காரரும் அச்சு அசலாக அதையே சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சீட்டு ஒங்களுக்குத்தானண்ணே வேணும்?"

"நம்ம பேருக்குக் கேட்டா ஆசை புடிச்சவன்னு நெனப்பாங்க மாப்ள. தலைவர் இங்க நிக்க மாட்டாரு. இம்புட்டு விசுவாசமான்னு நம்மளக் கூப்பிட்டுக் குடுப்பாரு" என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஆமா, அந்தாளு யார் பேருக்குப் போட்டான்?" என்றார். நான் மனுவை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னேன்.

நேர்காணலுக்கு, தங்கள் பேருக்கே மனு போட்டவர்களை மட்டும் கூப்பிட்டார்கள். எங்கள் தொகுதியிலிருந்து போனது மகளிரணி அக்கா ஒருவர்தான். சீட்டும் அவருக்கே கிடைத்தது.

நோட்டீஸ் அடிக்க அவர் என் கடைக்கு வந்தபோது கேட்டே விட்டேன்.

"பெரிய ஆளுகளே தலைவர் பேருக்குக் கேட்டாங்க. நீங்க மட்டும் எப்படிக்கா ஒங்க பேருக்குக் கேட்டீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எனக்குத்தானே தம்பி வேணும்?"